சைவ ஈரலும் சோயா பர்கரும்: ஒரு பெயர்ச் சண்டையின் பின்னணி

சித்தி வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்க அசைவம் கிடையாது. ஆனால் அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஈரல் குழம்பு உண்டு. பச்சைப்பயறை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் தோலோடு சோம்பும் மிளகாயும் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, இட்லித் தட்டில் ஊற்றி வேகவைப்பார். ஆறியதும் கத்தியால் சின்னச் சின்னத் துண்டு போட்டு, எண்ணெயில் லேசாக வதக்கி, மிளகு தூக்கலான குழம்பில் விடுவார். வெந்த பயறு கறுத்து, ஓரமெல்லாம் சொரசொரப்பாக, பார்வைக்கு ஆட்டு ஈரல் போலவே இருக்கும். அதற்குச் 'சைவ ஈரல்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்ததில்லை. பெயரைக் கேட்டதும் அது எப்படி இருக்கும், எதோடு சாப்பிட வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதே மாதிரி ஒரு பெயருக்காக ஐரோப்பா பல வருடங்களாக நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மாறி மாறி நடக்கிறது. 2025 அக்டோபர் 8 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம், 'பர்கர்', 'ஸ்டீக்' (தடித்த இறைச்சித் துண்டு), 'சாசேஜ்' போன்ற சொற்களை இறைச்சிக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்று வாக்களித்தது. ஆதரவு 355, எதிர்ப்பு 247. நாடாளுமன்றம் கை தூக்கியதாலேயே அது சட்டமாகிவிடாது. உறுப்பு நாடுகளின் அரசுகளோடும், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தோடும் பேசி முடித்தாக வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வாக்கெடுப்பு பலரைத் திடுக்கிட வைத்தது. காரணம், 2020 அக்டோபரில் இதே மன்றம் இதே கேள்விக்கு நேர்மாறாகப் பதில் சொல்லியிருந்தது. தாவரப் புரதத்தில் செய்த பர்கரை 'பர்கர்' என்று சொல்வதில் தப்பில்லை என்று அன்று முடிவானது. ஐந்து வருடத்தில் அப்படி என்ன மாறியது?

அதற்குள் போகும் முன்னால், பெயர் என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு உணவுக்கு இரண்டு விதமாகப் பெயர் வைக்கலாம். எதிலிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு பெயர். எதற்குப் பயன்படுகிறது, எப்படி இருக்கிறது என்பதை வைத்து இன்னொரு பெயர். நம் மொழியில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. 'எண்ணெய்' என்ற சொல் எள்ளும் நெய்யும் சேர்ந்து பிறந்தது. எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று யாராவது அன்றே சட்டம் போட்டிருந்தால், இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், ஏன் மண்ணெண்ணெய்கூட இருந்திருக்காது. வழுவழுப்பாக, அடுப்பிலோ விளக்கிலோ எரியக்கூடியதாக இருந்தால் போதும் என்று மொழி தாராளமாக நடந்துகொண்டது. 'பால்' இன்னும் தாராளம். தேங்காய்ப்பால் இல்லாமல் ஆப்பம் இறங்காது. கள்ளிப்பால், எருக்கம்பால் என்கிறோம். அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தவர் இல்லை. மலேசியத் தோட்டங்களில் பால்மரம் என்றால் ரப்பர் மரம்தான். அதே ஊரில் சைவ உணவகத்துக்குப் போனால் 'சைவ மட்டன்' கிடைக்கும். இலங்கையில் மளிகைக் கடைக்குப் போனால் 'சோயா மீட்' கிடைக்கும். வங்காளத்தில் பலாக்காய்க் கறிக்கு 'மரத்து ஆடு' என்று அர்த்தம் தரும் பெயரே இருக்கிறது. மக்கள் பயன்பாட்டை வைத்துப் பெயர் வைப்பவர்கள். சட்டம்தான் அடிக்கடி மூலத்தைக் கேட்கிறது.

ஐரோப்பியச் சட்டம் இந்த விஷயத்தில் பாலுக்கு ஒரு கண்ணும் இறைச்சிக்கு ஒரு கண்ணும் வைத்திருந்தது. பால், வெண்ணெய், சீஸ், கிரீம், தயிர் ஆகிய சொற்கள் விலங்கின் மடியிலிருந்து வந்ததற்கு மட்டுமே என்று 2013ஆம் வருட விதி சொல்கிறது. ஜெர்மனியில் டோஃபுடவுன் என்ற நிறுவனம் 'டோஃபு பட்டர்', 'வெஜ்ஜி சீஸ்' என்று விற்றுக்கொண்டிருந்தது (டோஃபு என்பது சோயாப்பாலைத் திரித்துச் செய்வது). வணிகப் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் ஒரு சங்கம் வழக்குப் போட, ட்ரியர் நகர நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 2017 ஜூனில் தீர்ப்பு வந்தது: முன்னால் 'டோஃபு' என்றோ 'தாவர' என்றோ ஒட்டினாலும் அந்தச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. 'சைவ இறைச்சி விற்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையே' என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. இரண்டும் வெவ்வேறு பொருள், வெவ்வேறு விதி என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இதில் விதிவிலக்குப் பட்டியல் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் தேங்காய்ப்பாலும் வேர்க்கடலை வெண்ணெயும் தப்பின. பிரெஞ்சில் பாதாம் பால் தப்பியது. வெகுகாலமாகப் புழங்கும் பெயர் என்பதுதான் அளவுகோல். பழைய பெயருக்கு அனுமதி, புதிய பெயருக்குத் தடை என்றால், அங்கே வாங்குபவரின் குழப்பம் பெரிதாகக் கணக்கில் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தேங்காய்ப்பாலில் குழம்பாதவர் சோயாப்பாலில் மட்டும் ஏன் குழம்பப் போகிறார்?

இறைச்சிக்கு அப்படி ஒதுக்கீடு இல்லாததால், பிரான்ஸ் தானே களத்தில் இறங்கியது. 2020 ஜூனில் ஒரு சட்டம். அதை நடைமுறைப்படுத்த 2022 ஜூனில் ஓர் ஆணை. அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒரே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. 2024 பிப்ரவரியில் அரசு ஆணையைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தது. இந்த முறை பட்டியல் போட்டார்கள். ஸ்டீக், எஸ்கலோப் (மெல்லிய இறைச்சித் துண்டு), ஜாம்போன் (பன்றித் தொடை இறைச்சி) உள்ளிட்ட 21 சொற்களைத் தாவரப் பண்டத்துக்கு வைக்கவே கூடாது. இன்னும் 120 சொற்களை, இறைச்சிப் பண்டத்தில் தாவரப் புரதம் சிறிய அளவு கலந்திருந்தால் மட்டும் வைக்கலாம். இதில் எனக்கு நெருடிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தடை பிரான்சில் தயாரித்த பொருளுக்கு மட்டும்தான். ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ தயாரான சோயா ஸ்டீக் அதே பெயரோடு பாரிஸ் கடைக்கு வரலாம். குழப்பத்தைத் தடுக்கத்தான் சட்டம் என்றால், ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாக்கெட்டில் ஒன்று குழப்பும், இன்னொன்று குழப்பாது என்று ஆகிறது. ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை விதி அரசின் கையைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் விளைவு உள்ளூர்த் தயாரிப்பாளர் தலையில்தான் விடியும்.

இந்த ஆணையும் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 'புரோட்டீன் பிரான்ஸ்' என்ற தொழில் அமைப்பு, சைவ உணவு சங்கங்கள், அமெரிக்காவின் பியாண்ட் மீட் நிறுவனம் ஆகியவை தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 2024 அக்டோபர் 4ஆம் தேதி வந்த தீர்ப்பை நிதானமாகப் படித்தால் இந்தச் சண்டையின் முடிச்சு புரியும். உணவுக்குச் சட்டப்படி ஒரு பெயர் இருக்கலாம். அது இல்லையென்றால் வழக்கத்தில் உள்ள பெயர், அதுவும் இல்லையென்றால் விளக்கிச் சொல்லும் பெயர். ஒரு நாடு 'ஸ்டீக் என்றால் இன்னதுதான்' என்று சட்டப் பெயராக முறையாக வரையறுத்தால், அதை மற்றப் பொருளுக்கு மறுக்கலாம். வரையறுக்காமலே 'தாவரப் பண்டத்துக்கு இந்தச் சொல் கிடையாது' என்று பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது. வாங்குபவரை ஏமாற்றாதே என்ற பொது விதி ஏற்கெனவே 2011 முதல் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பாக்கெட் ஏமாற்றுகிறது என்று தோன்றினால், அந்தப் பாக்கெட்மீது நடவடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். 2025 ஜனவரியில் பிரான்சின் இரண்டு ஆணைகளும் ரத்தாயின.

சரி, தனி நாட்டால் முடியாது என்றால் ஒன்றியம் முழுவதற்கும் போட்டுவிடலாமே? அதுதான் 2025இல் நடந்தது. ஐரோப்பிய ஆணையம் அந்த ஜூலையில் வெளியிட்ட முன்மொழிவில் மாடு, பன்றி, கோழி என்ற பெயர்களும் விலா, தொடை போன்ற வெட்டுகளின் பெயர்களும் சேர்த்து 29 சொற்கள் இருந்தன; பர்கரும் சாசேஜும் அதில் இல்லை. பிரான்சிலிருந்து வந்த உறுப்பினர் செலின் இமார் தான் முன்னின்ற மசோதாவில் அவற்றையும் சேர்த்தார். அந்த மசோதாவின் முதன்மை நோக்கம் வேறு. விவசாயிக்கும் அவரிடம் வாங்குபவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், பேரத்தில் விவசாயியின் கை கொஞ்சம் ஓங்க வேண்டும் என்பதற்கான மசோதா அது. ஐந்து வருடத்தில் என்ன மாறியது என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. 2024இன் தொடக்கத்தில் டிராக்டர்கள் பிரஸ்ஸல்ஸ் தெருக்களை அடைத்தன. உரம், டீசல், தீவனம் எல்லாம் ஏறி, விளைபொருளின் விலை மட்டும் பேரங்காடிகளின் கையில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதைக் கேட்ட அரசியல்வாதிகள், எளிதில் கொடுத்துவிடக்கூடிய ஒன்றாகப் பெயரைக் கொடுத்தார்கள். இமாரின் கட்சிக் கூட்டணித் தலைவரான மான்ஃப்ரெட் வெபரே, கடைக்குப் போகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, இது தேவையில்லாத வேலை என்ற பொருளில் பேசினார்.

விவசாயிக்கும் சைவ பர்கருக்கும் நேரடிப் பகை என்று பார்ப்பதும் முழு உண்மையில்லை. நெதர்லாந்தில் 'சைவக் கசாப்புக்காரர்' என்ற பெயரில் கடை தொடங்கிய யாப் கோர்டெவெக், ஒன்பதாவது தலைமுறை விவசாயி. ஜெர்மனியில் 1834 முதல் சாசேஜ் செய்துவரும் ரூகன்வால்டர் மியூலே, 2014இல் சைவ வகைகளைத் தொடங்கியது. 2020 ஜூலையில் முதல்முறையாக அவற்றின் விற்பனை இறைச்சியின் விற்பனையைத் தாண்டியது. பட்டாணியும் சோயாவும் கோதுமையும் வானத்திலிருந்து விழுவதில்லை. அதையும் ஒரு விவசாயிதான் போடுகிறார். பெயருக்கான சண்டை மற்ற இடங்களிலும் நடந்தது. இத்தாலி 2023 டிசம்பரில் ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சியைத் தடை செய்த அதே சட்டத்தில் தாவரப் பண்டங்களுக்கும் இறைச்சிப் பெயரை மறுத்தது. அமெரிக்காவில் இறைச்சிப் பெயரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மிசௌரி மாநிலம் 2018இல் முதலில் போட்டது. ஆர்கன்சாஸின் சட்டத்தைக் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2022இல் நீதிபதி தள்ளினார். லூசியானாவின் சட்டமோ 2023இல் மேல்முறையீட்டில் பிழைத்தது. வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நீதிமன்றம் விளங்கிக்கொண்டதால்.

இந்தச் சண்டைக்கு ஒரு தாத்தா உண்டு. 1869இல் பிரெஞ்சு வேதியியலாளர் இப்போலித் மெஜ்-மூரியே, மாட்டுக் கொழுப்பிலிருந்து வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரைனைக் கண்டுபிடித்தார். அமெரிக்கப் பால்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். 1886இல் மத்திய அரசு அதற்கென்று தனி வரி போட்டது. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் மார்கரைனுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்றன. தொட்டுப் பார்க்கவே யாரும் கூசட்டும் என்பது கணக்கு. 1898இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மஞ்சள் நிறத்துக்குத் தடை மட்டும் பல இடங்களில் நீடித்ததால், வெள்ளை மார்கரைனோடு ஒரு சாய மாத்திரையும் சேர்த்து விற்றார்கள். வீட்டில் பெண்கள் அதைப் போட்டுக் கையால் பிசைந்து மஞ்சளாக்கிக்கொண்டார்கள். விஸ்கான்சினில் 1967 வரையும், கனடாவின் கியூபெக்கில் 2008 வரையும் மஞ்சள் மார்கரைனுக்குத் தடை இருந்தது.

நமக்கும் இது புதிதில்லை. 1937இல் டால்டா என்ற வனஸ்பதி, அதாவது நெய்போல உறையவைத்த தாவர எண்ணெய், வந்தது. இனிப்புக் கடையில் நெய் என்று சொல்லி டால்டாவைக் கலப்பது ஊரறிந்த திருட்டு. வனஸ்பதிக்குச் சாயம் போட வேண்டும் என்று இங்கும் குரல் எழுந்தது. சூட்டுக்கு நிற்கிற, உடம்புக்குத் தீங்கில்லாத, எளிதில் நீக்க முடியாத சாயம் கிடைக்கவில்லை. அப்புறம் இந்தியா கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்லெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு: ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால் சிவந்துவிடும். நெய் என்று விற்பதைச் சோதனைக் குழாயில் குலுக்கினால், சிவந்த நெய்யில் டால்டா இருக்கிறது. பெயரைப் பிடுங்கவில்லை, பொருளை அசிங்கப்படுத்தவில்லை. உண்மையான கலப்படக்காரர் மட்டும் மாட்டிக்கொள்ள வழி செய்தார்கள்.

அந்த நிதானம் இப்போது இல்லை. 2021இல் அமுலும் விலங்கு உரிமை அமைப்பான பீட்டாவும் மோதின. அமுல் தாவரப் பாலுக்கு மாறலாமே என்று பீட்டா யோசனை சொல்ல, அமுலின் அன்றைய நிர்வாக இயக்குநர் ஆர்.எஸ்.சோதி, 10 கோடி பால் விவசாயிகளுக்கும் யார் பிழைப்புத் தருவது, அவர்களில் 70 சதவீதம் பேருக்கு நிலம்கூட இல்லையே என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிகிறது. ஒரு மாட்டை வைத்துக்கொண்டு காலையில் சொசைட்டிக்குக் கேன் எடுத்துப் போகிற வீட்டுக்குப் பால் என்பது வெறும் சொல் இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், 'பால்' என்ற பெயரில் விற்கும் தாவரப் பானங்களை இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2022இல் வீகன் உணவுக்கு, அதாவது பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவுக்கு, தனி விதியும், பச்சைச் சதுரத்துக்குள் இலையோடு கூடிய 'வி' முத்திரையும் வந்தன.

பாலையும் பர்கரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். பெயரைப் பயன்பாட்டின் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டால், பொருள் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று கேட்க வேண்டும். பர்கர் தரும் வாக்குறுதி எளிது: தட்டையாக இருக்கும், சுடலாம், பன்னுக்கு நடுவில் வைக்கலாம். சோயா பர்கர் அதைச் செய்துவிடுகிறது. பால் அப்படியில்லை. குழந்தைக்கு வளர்ச்சி வேண்டும் என்று ஊற்றிக் கொடுக்கிற பொருள் அது. பல பாதாம் பானங்களில் பாதாம் சில சதவீதம்தான், மீதி தண்ணீர். புரதமும் பசும்பாலைவிட வெகு குறைவு. நம் ஊரில் 'பாதாம் பால்' என்றால் சுண்டக் காய்ச்சிய பசும்பாலில் பாதாம் அரைத்துப் போட்டது; பாட்டி அந்தப் பெயரை நம்பிப் பேரனுக்கு வாங்கினால் வேறு பொருள் கைக்கு வரும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023 பிப்ரவரியில் சொன்ன யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது: 'பால்' என்று போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சத்து குறைவென்றால் 'பாலைவிடக் கால்சியமும் வைட்டமின் டியும் குறைவு' என்று முன்பக்கமே எழுதுங்கள். அவர்கள் அதைக் கட்டாயமாக்கவில்லை. நான் கட்டாயமாக்கச் சொல்வேன்.

பெயர் உண்மையிலேயே ஆளைக் கெடுக்கும் இடம் எது என்று காட்ட, இறைச்சிக்கு வெளியே ஓர் உதாரணம் போதும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயரான 'ஓஆர்எஸ்' என்பதைப் பெரிதாக எழுதிச் சர்க்கரைப் பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்றன. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குப் பெற்றோர் அதை வாங்கிக் கொடுத்தார்கள். அளவு தப்பிய சர்க்கரை நீரிழப்பை இன்னும் மோசமாக்கும். ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. அங்கே பெயர் தந்த வாக்கு பொய். அதன் விலை ஒரு குழந்தையின் உடம்பு.

இன்னொரு இடம், பாக்கெட்டே இல்லாத இடம். ஹோட்டலில் பனீர் பட்டர் மசாலா கேட்கிறோம். தட்டில் வரும் வெள்ளைத் துண்டு பாலைத் திரித்ததா, பாமாயிலும் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்த 'அனலாக்' பனீரா என்று கண்ணால் சொல்ல முடியாது. நுகர்வோர் விவகாரத் துறை 2025இல் உணவகங்களும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று பேசத் தொடங்கியது. தயாரிப்பாளர் தன் பெட்டியில் 'அனலாக்' என்று ஒழுங்காக எழுதித்தான் விற்கிறார். பெட்டி சமையலறைப் பின்வாசலில் குப்பைக்குப் போகிறது. மெனுவில் 'பனீர்' மட்டும் மிஞ்சுகிறது. பால் பனீருக்கான காசை நாம் கொடுத்துவிட்டு வருகிறோம். பர்கர் என்ற சொல்லுக்காகச் செலவழித்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால்கூடப் பால் விவசாயிக்கு உண்மையான உதவியாக இருந்திருக்கும்.

அலமாரிக்கு முன்னால் நிற்பவருக்கு என்ன தேவை? ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பியூக் 2020இல் கேட்டபோது, தாவரப் பண்டத்துக்கு இந்தப் பெயர்களை எந்த நிலையிலும் அனுமதிக்கவே கூடாது என்றவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். தெளிவாகத் தெரிந்தால் போதும் என்றார்கள் மற்றவர்களில் பெரும்பாலானோர். அந்தத் தெளிவு இந்தியாவில் ஒரு பச்சைப் புள்ளியில் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பச்சையைப் பார்த்து எடுப்பார், பழுப்பைப் பார்த்து வைப்பார். ஐரோப்பாவில் அப்படி ஒரு கட்டாயக் குறி கிடையாது. பாக்கெட்டில் தெரியும் முத்திரைகள் தனியார் அமைப்புகள் கொடுப்பவை. சைவம் என்றால் என்ன, வீகன் என்றால் என்ன என்று வரையறுக்கும் பொறுப்பை 2011ஆம் வருட லேபிள் விதியின் 36ஆம் பிரிவு ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2025இல் பர்கருக்கும் சாசேஜுக்கும் வாக்கெடுப்பு நடந்த அன்றும் அந்த வரையறை வந்திருக்கவில்லை.